'இரும்பு' என்று எழுதிய தாள்

அமலி அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது என் வாயில் காலைக் காப்பியின் முதல் மடக்கு இருந்தது. அனுமந்தன்பட்டியிலிருந்து அவருடைய தம்பி அருள் கூப்பிட்டார். "அக்கா விடியக்காலம் போயிட்டாக. ரெண்டு கிட்னியும் எப்பவோ கெட்டுப்போச்சாம். யாருக்கும் தெரியல" என்றார். காப்பியை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் மனம் வரவில்லை.

இந்த அஞ்சலியைப் படிக்கிற உங்களில் பலருக்கு அவரைக் கம்பம் பக்கத்து ஒயின் ஆலையின் ஆய்வுக்கூடத்தில்தான் பழக்கம். நானும் பாண்டியனும் அங்கே அவருடன் வேலை பார்த்தவர்கள். ஓய்வுக்குப் பிறகு மூவரும் வருடம் ஒருமுறை பெங்களூரில் நடக்கும் பீர் போட்டிக்கு நடுவர்களாகப் போய்வந்தோம். அக்காவுக்கு பீர் ருசி பார்க்கிற வேலை என்று சொன்னால் ஊரில் நம்ப மாட்டார்கள். நம்பிவிட்டால் அது இன்னும் மோசம். "ஜூஸ் டெஸ்டிங்குன்னு சொல்லிருக்கேன், காட்டிக் குடுத்துராத தம்பி" என்பார். கோவிலில் ஞாயிறு பூசைக்கு முன்வரிசையில் உட்காருகிற அவர் சொன்ன ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும்.

பீருக்குக் கசப்பேற்றும் ஹாப்ஸ் பூ தூக்கலான, இம்பீரியல் ஸ்டவுட் என்கிற கறுப்பு பீர் முதன்முதலாக எங்கள் மேசைக்கு வந்த நாள் நினைவிருக்கிறது. டிகாக்‌ஷன் நிறம், ஒயினுக்குக் குறையாத போதை. நானும் பாண்டியனும் வந்த குளிர்ச்சியோடு உறிஞ்சிவிட்டு மளமளவென்று மதிப்பெண் போட்டோம். அக்கா மட்டும் கிளாஸை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "குளுருல எல்லாரும் நல்லவந்தான். சூடு ஏறட்டும், குணம் தெரியும்" என்றார். பிறகு ஒரு வாய் குடித்தார். "இதுல ரெண்டு கசப்பு இருக்கு. கருக வறுத்த தானியத்தோடது அடுப்புக் கசப்பு. ஹாப்ஸு பூவோடது காட்டுக் கசப்பு, நாரத்தந்தோலு மாதிரி. ரெண்டும் சண்ட போடாம ஒரே வீட்டுல இருந்தா மார்க்கு போடு." நாங்கள் மறுபடி குடித்துப் பார்த்தோம். சண்டைதான் நடந்துகொண்டிருந்தது. போட்ட மதிப்பெண்ணை அடித்துத் திருத்தினோம்.

எங்கள் மேசையில் ஒரு விதி உண்டு. மூவரும் எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. முகத்தைக்கூடச் சுளிக்கக் கூடாது. அக்காவுக்கு அந்த விதி மிகவும் பிடிக்கும். "நாக்கு ஜட்ஜு இல்ல தம்பி, சாட்சி. சாட்சிய மிரட்டக் கூடாது" என்பார். இதை எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன் என்று கணக்கில்லை. மிரட்டியவனும் நான்தான்.

போன வருடம் மேசைக்கு நான் தலைவர். முதல் ஸ்டவுட்டுக்கு அக்கா தாளில் ஒரே சொல் எழுதியிருந்தார்: இரும்பு. எனக்கும் பாண்டியனுக்கும் அப்படி எதுவும் தெரியவில்லை. இரண்டாவது கிளாஸுக்கும் இரும்பு. கிளாஸை மாற்றச் சொன்னேன், வாய் கொப்பளிக்க வேறு தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். மூன்றாவதற்கும் அதே சொல். மதிப்பெண்ணை மாற்றி எழுதச் சொன்னேன். "இருக்கறத எப்பிடித் தம்பி இல்லங்கிறது?" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் தாளை இழுத்து அந்தச் சொல்லைச் சிவப்புப் பேனாவால் அடித்தேன். "உங்க நாக்கு போயிருச்சுக்கா, வெளிய உக்காருங்க" என்றேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் பகல் பேருந்தில் திரும்பினோம். வண்டி ஓசூர் தாண்டியது. அக்கா மெதுவாகக் கேட்டார்: "உனக்கு உண்மையிலயே தெரியலயா தம்பி?" தெரியவில்லை என்றேன். "அப்ப எனக்குள்ளதான் இருக்கு" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோற்றுப்போனதை ஒப்புக்கொள்கிறார் என்று நினைத்து எனக்கு உள்ளூரத் திருப்தியாகக்கூட இருந்தது. அதை இங்கே மறைப்பதற்கில்லை.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து நடந்து வரும்போது அருள் சொன்னார். "ஒரு வருசத்துக்கு மேலா வாயில இரும்பு ருசின்னு சொல்லிக்கிட்டே இருந்தாக. நாங்க வீட்டுத் தண்ணியச் சொல்றாகன்னு நெனச்சு இரும்புக் குழாய எடுத்துட்டு பிளாஸ்டிக்கு போட்டோம். கிட்னி கெட்டா அப்பிடித்தான் ருசிக்குமாம். அப்பவே வந்திருந்தா பாத்திருக்கலாம்னு டாக்டரு சொல்றாரு." சற்று நின்று, "உங்ககிட்ட எதுவும் சொன்னாகளா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அன்று அந்த மனிதரிடம் சொல்ல முடியாததைத்தான் இன்று எழுதுகிறேன். அருள், மன்னிக்க வேண்டும். அக்கா மூன்று முறை சொன்னார். எழுதியே கொடுத்தார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த வாரத்தில் பெங்களூர் போட்டி வந்தது. போகப் பிடிக்கவில்லை; பாண்டியன்தான் இழுத்துப் போனார். அக்காவின் நாற்காலியில் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். முதல் கறுப்பு கிளாஸ் வந்தது. உள்ளங்கைக்குள் வைத்துச் சூடேற்றிக் குடித்தேன். அடுப்புக் கசப்பு வந்தது, காட்டுக் கசப்பு வந்தது. இரண்டும் அடங்கியபின் நாக்கின் அடியில் இரும்பு நின்றது. மற்ற இருவர் தாளிலும் அது இல்லை. ஊர் திரும்பியதும் தேனியில் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்றார்கள். ஆனாலும் கறுப்பாக எதைக் குடித்தாலும், காலைக் காப்பியில்கூட, கடைசியில் அது வருகிறது.

அக்காவின் பொருளாக என்னிடம் இருப்பது, நான் சிவப்பில் அடித்த அந்தத் தாள் ஒன்றுதான். கோட்டுக்கு அடியில் அவர் கையெழுத்து இன்னும் தெளிவாகத் தெரிகிறது. உண்மையிலயே தெரியலயா என்று கேட்டீர்களே, தெரிகிறது அக்கா.