நாலு கட்டையில் ஒரு வர்ணம்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் கல்லூரியில் இசை, நாடகம், நடனம் மூன்றும் உண்டு. நான் வாய்ப்பாட்டு. முதல் வருஷத் தேர்வுக்கு முந்தைய வாரம் டீச்சர் சொல்லிவிட்டார்: "பரீட்சையிலயும் மேல் ஸ்தாயில குரல் உடைஞ்சா, அடுத்த வருஷம் வீணைக்குப் போயிடும்மா." வீணை மேல் எனக்கென்ன கோபம்? ஆனால் கல்பாக்கம் வீட்டில் அப்பாவோடு சண்டை போட்டு, இன்ஜினியரிங் சீட்டை உதறிவிட்டு வந்தது பாடத்தான்.

தேர்வன்று வராந்தாவில் துணைக்கு நின்றவள் நாடகத் துறைத் தோழி, கடப்பாக்கத்துக்காரி.

"இன்னாடி, மூஞ்சி கருவாடு மாதிரி கீது?"

"உடைஞ்சிடும்டி."

"உடைஞ்சா அழுதுகினே பாடு. நாங்கல்லாம் அதுக்குத்தான் மார்க்கு வாங்குறோம்."

கூப்பிட்டதும் ஓடினேன். பல் பிடுங்குவதானாலும் எனக்குச் சட்டென்று முடிந்துவிட வேண்டும். எனக்கு முன்னால் பாடிய இரண்டாம் வருஷ அக்கா அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தார். சுருதிப் பெட்டி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பாடும் உயரத்தை நாங்கள் கட்டைக் கணக்கில் சொல்வோம்; எண் கூடினால் உயரமும் கூடும். எங்கள் வகுப்பில் பெண்கள் எல்லாருக்கும் ஒரே பெட்டி, ஒரே ஐந்தரைக் கட்டை. அதனால் பெட்டியைத் தொட்டுப் பார்க்கும் பழக்கமே இல்லை. உட்கார்ந்த வேகத்தில் ஆரம்பித்துவிட்டேன்.

ஆதார ஸ்வரமான ஷட்ஜம் நெஞ்சுக்குள் ஆழமாகப் போய் உட்கார்ந்தது. தொண்டை கட்டிவிட்டது, தொலைந்தோம் என்றுதான் நினைத்தேன். கல்யாணி வர்ணம். சரணத்தில் மேல் காந்தாரம் வரும் இடத்தில் எப்போதும் கண்ணை இறுக்கிக்கொள்வேன். அன்றும் இறுக்கினேன். குரல் ஏறியது. நின்றது. நம்பாமல் இன்னொரு தடவை போய்ப் பார்த்தேன். அப்போதும் நின்றது!

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கேட்டார்: "எத்தனை கட்டைம்மா?"

"அஞ்சரை, மேடம்."

அவர் பெட்டியை எங்கள் டீச்சர் பக்கம் திருப்பிக் காட்டினார். நாலு. அந்த அக்கா தனக்கு வைத்துக்கொண்டு, மாற்றாமல் எழுந்து போயிருந்தார்.

"எல்லாரையும் சேர்த்துப் பாட வைக்கிறோமா..." என்று டீச்சர் இழுத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "வீணை வேண்டாம். நீ நாலுலயே பாடு."

ஒரு வருஷமாகத் தேன், மிளகு, அதிமதுரம் என்று அந்தத் தொண்டையை என்ன பாடு படுத்தியிருந்தேன்! பஸ் ஸ்டாப்புக்குப் போகும்வரை பொறுக்க முடியவில்லை. ரோட்டிலேயே மேல் ஷட்ஜத்தைப் பிடித்து நீட்டினேன்.

"வாய மூடுடி," என்று தோழி காதைப் பொத்திக்கொண்டாள். "ஆம்புலன்ஸுன்னு நெனச்சி, பஸ்ஸு நிக்காம ஒதுங்கிப் பூடப் போவுது."

போனால் போகட்டும் என்று இன்னும் மேலே ஏறினேன்.