பழுப்பு நிலக்கரி போட்ட எர்த் குழி

ஐந்தாம் வகுப்புக்கு மேல் எனக்குப் படிப்பு ஏறவில்லை. ஆனால் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் மண்ணை அள்ளிப்போடும் கான்ட்ராக்ட் கூலியாகப் பழுப்பு நிலக்கரி மைன்ஸுக்குள் நுழைந்து, கூட வந்தவர்களில் பாதிப் பேர் ஓடிப்போன பிறகும் நின்று, பர்மனென்ட் ஆனேன். இரண்டு பெண்களைப் பட்டதாரி ஆக்கினேன். தண்ணீரே வராது என்று இரண்டு பேர் கைவிரித்த இடத்தில் போர் போட்டுத் தண்ணீர் எடுத்தேன். ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, டவுன்ஷிப்புக்கு வெளியே முந்திரிக் கொல்லையாகக் கிடந்த மனையில் மாடி வீடு கட்டினேன். இன்ஜினியர் யாரும் கிடையாது. மேஸ்திரிக்குக் குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டியது நான். மாடிப்படி, செப்டிக் டேங்க், எர்த் குழி, எல்லாம் என் மூளையில் உதித்தவை.

அப்பேர்ப்பட்ட வீட்டில் குளியலறைக் குழாய் ஷாக் அடித்தது.

முதலில் தொட்டவள் என் மனைவி. முழங்கை வரை மரத்துப்போய்விட்டது. அப்போது சின்ன மகளுக்கு ஏழாம் மாதம். பிரசவத்துக்கு அழைத்துவர நாள் பார்த்திருந்தோம். பெரியவள் பிரசவம் குவார்ட்டர்ஸில் இருந்தபோதே முடிந்துவிட்டது. நான் கட்டிய வீட்டில் தொட்டில் ஆடப்போவது இதுதான் முதல் தடவை. அந்த ஆசையில் மண் விழுந்தது.

"குழாயத் தொட்டா ஆளையே தூக்கிப் போடுது. இந்த வூட்டுக்குப் புள்ளத்தாச்சிய அழைச்சிகினு வருவேனா நானு? சரியாவற வரைக்கும் அது மாமியார் வூட்லயே இருக்கட்டும்" என்று மனைவி முடிவாகச் சொல்லிவிட்டாள்.

எனக்கு ஒரு எலக்ட்ரீஷியனைக்கூடத் தெரியாது. வெட்கப்பட ஒன்றுமில்லை. குவார்ட்டர்ஸில் ஃபியூஸ் போனால் கம்ப்ளெயின்ட் புத்தகத்தில் எழுதிவிட்டு டியூட்டிக்குப் போவோம். திரும்பி வரும்போது விளக்கு எரியும். யார் வந்தார், எப்படிச் சரி செய்தார் என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கும் இடத்தில் இருந்துகொண்டு, நல்ல எலக்ட்ரீஷியனை எப்படித் தேடுவது என்று தெரியாமலே கிழவனாகிவிட்டேன்.

முதலில் வந்தவர் டெஸ்டரை இரண்டு இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டு வயரிங் மொத்தத்தையும் பிடுங்கி மாற்ற வேண்டும் என்றார். அடுத்தவர் குளியலறை வெந்நீர் ஹீட்டரின் வயரில் டேப் சுற்றிவிட்டு, "இனிமே செருப்பு போட்டுகினு குளிங்க, ஒண்ணியும் ஆவாது" என்றார். என் மனைவி அவரைப் பார்த்த பார்வையில் அவருக்குத்தான் ஷாக் அடித்திருக்கும்.

அதற்கு மேல் யாரையும் விசாரிப்பதில்லை என்று முடிவு செய்தேன். பண்ருட்டிக்கு பஸ் ஏறி, ஒரு பெரிய எலக்ட்ரிகல் கடை வாசலில் ஸ்டூல் கேட்டு வாங்கிப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஆளை அளப்பதில் என்னை மிஞ்ச முடியாது. அரை நாளில் பத்து எலக்ட்ரீஷியன்கள் வந்து போனார்கள். ஒருவர் மட்டும் மிச்சமான வயர்ச் சுருளைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார். "இது அந்த வூட்டுக்காரங்களோடதுங்க. நான்தான் அளவு தப்பா சொல்லி வாங்க வெச்சிட்டேன். அவங்க பேர்லயே வரவு வெச்சிக்குங்க" என்றார். தன் தப்பைக் கடைக்காரரிடம் தானாக ஒப்புக்கொள்கிற ஆள்! ஸ்டூலை விட்டு எழுந்தேன். மேல்பட்டாம்பாக்கத்து பாய் அவர். மறுநாளே வருவதாகச் சொன்னார்.

சொன்ன நேரத்துக்கு வந்தார். ஹோல்டரில் மாட்டிய ஒரு குண்டு பல்பு, அதிலிருந்து இரண்டு வயர். அதுதான் அவருடைய பரிசோதனைக் கருவி. லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் வைத்தார், பல்பு பளிச்சென்று எரிந்தது. லைனுக்கும் எர்த்துக்கும் வைத்தார், உள்ளே கம்பி மட்டும் லேசாகச் சிவந்தது. பிறகு மெயின் ஃபியூஸைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம்தான் ஹீட்டரில் கை வைத்தார்.

"ஹீட்டர் காயில் லீக்கு ஐயா. அது எந்த வூட்லயும் வர்றதுதான். லீக்கான கரண்ட் எர்த்துல எறங்கிடணும். இங்க எறங்க வழியில்ல, குழாய்க்கு வந்துடுச்சி. எர்த் குழி யாருங்க போட்டது?"

"நான்தான் பாய்."

"உப்பு போட்டீங்களா?"

"மூட்டையா கொட்டினேன்."

"கரி?"

"அடுப்புக்கரி எதுக்கு பாய்? லாரிலேர்ந்து ரோட்டுல சிந்தன நம்மூர் நிலக்கரிய பொறுக்கி நெரப்பிட்டேன். அது ஒசத்தியாச்சே!"

பாய் எழுந்து எர்த் குழிப் பக்கம் போனார். "தோண்டிப் பாத்துடலாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

தோண்டினேன். ஈரத்தின் வாடையே இல்லை. கட்டிகள் காய்ந்து வெடித்து, மரப்பட்டை போல அடுக்கடுக்காக உரிந்து வந்தன. பாய் ஒன்றைக் கையில் எடுத்துப் பொடித்தார்.

"நல்ல கரிதாங்க. பாய்லர்ல போட்டா ஊருக்கே வெளக்கு எரியும். குழிக்கு ஆவாது. அடுப்புக்கரின்னா ஈரத்தப் புடிச்சி வெச்சிக்கும், இது காஞ்சி போச்சி."

என் மனைவி பின்கதவில் நின்றபடி, "அவுரு கூடவே இருந்த கரியாச்சே. அவுருகிட்டயே வீம்பு கத்துகினு இருக்கும்" என்றாள். பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு குழிக்குள் பார்த்தார். அதற்காகவும் அவரை எனக்குப் பிடித்தது. என்னைக் கேலி செய்ய அன்றைக்கு அவருக்கு உரிமை இருந்தது.

புதுக் குழிக்குத் துணி துவைக்கும் கல்லின் ஓரத்தைக் காட்டினார். எப்போதும் ஈரம் இருக்கும் இடம். ஆள் கூட்டி வருகிறேன் என்றார். நான் விடவில்லை. அந்தச் செம்மண் இறுகினால் பாறைதான். கடப்பாரையை எடுத்து, என் உயரத்துக்கு மேல் ஆழமாகக் குழியை ஒற்றை ஆளாக இறக்கினேன். பாய் புது எர்த் குழாயை நட்டு, அடுப்புக்கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். ஹீட்டர் காயிலை மாற்றினார். கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்சையும் போர்டில் பொருத்தினார். ஃபியூஸை மாட்டி, புதுச் சுவிட்சுக்கு முன்னால் உள்ள லைனிலிருந்து மறுபடி பல்பை எர்த்தில் வைத்தபோது முழு வெளிச்சம்.

அத்தோடு விடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத் தரையில் நின்று குழாயைப் பிடித்துக்கொண்டார். "ஹீட்டரைப் போடுங்கம்மா" என்றார். மனைவி சுவிட்சைப் போட்டாள். பாய் நின்ற இடத்தில் நின்றார். "இனிமே பொண்ண அழைச்சிகினு வாங்க" என்றார். எத்தனையோ கெட்டிக்காரர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். தான் செய்த வேலைக்குத் தன் உடம்பையே சாட்சியாக வைத்தவரை அன்றுதான் பார்த்தேன்.

போகுமுன் மெயின் போர்டுக் கதவின் உட்புறம் தன் பெயரையும் தேதியையும் மார்க்கரால் எழுதினார். செய்கிற எல்லா வீட்டிலும் எழுதுவாராம்.

"என் பேரையும் எழுதுங்க பாய்" என்றேன்.

"எழுதலாங்க ஐயா. ஆனா நாளைக்கு எதுனா ஒண்ணுன்னா, பேரு இருக்கறவன்தான் பதில் சொல்லணும்" என்று சிரித்துவிட்டுக் கிளம்பினார்.

மகள் வந்தாள். பேரன் பிறந்து, அதே குழாயின் வெந்நீரில்தான் குளிக்கிறான். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் என் மனைவி, "பாய் கை வெச்ச வூடு, இனிமே பயமில்ல" என்கிறாள். சம்பந்தி வீட்டாரும் அதையே சொல்கிறார்கள். பாய்க்கு அந்தப் பேர் தகும், நானே நாலு இடத்தில் சொல்கிறேன். ஆனால் அந்த பாயைக் கண்டுபிடித்தது யார்? செம்மண்ணில் ஒற்றை ஆளாகக் குழி இறக்கியது யார்? நிலக்கரியைப் போட்டதும் நான்தான், அதற்கும் நானே பதில் சொல்கிறேன். வீட்டில் மார்க்கர் இருக்கிறது. எழுதுகிற கை என்னுடையதாக இருக்கக் கூடாது, அது தற்பெருமை ஆகிவிடும். மனைவியோ மகளோ அந்தப் போர்டுக் கதவைத் திறந்து, பாய் பெயருக்குக் கீழே என் பெயரை எழுத வேண்டும். பக்கத்தில் 'ஆளைத் தேடியவர், குழி தோண்டியவர்' என்றும் எழுத வேண்டும்.