லிஃப்ட்காரர் வீடு பார்த்த கதை

லிஃப்ட் கம்பெனியில் அவருக்குக் 'காது' என்று பெயர். மற்ற மெக்கானிக்குகள் கருவிகளைப் பரப்பிக்கொண்டு உட்காரும்போது இவர் கதவில் காதை வைப்பார், கண்ணை மூடுவார், நாலாவது மாடியில் உருளை தேய்ந்திருக்கிறது என்பார். தேய்ந்திருக்கும். ஒருமுறை உருளையோடு சேர்த்து ஐந்தாம் மாடித் தம்பதியின் சண்டைக்கும் காரணம் கண்டுபிடித்தாராம். நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம்.

லிஃப்டெல்லாம் நகரத்தில், வீடு கடற்கரையில். ரயிலில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், பத்தொன்பது வருடமாக நின்றபடியே. முழங்கால் கறகறவென்றது. அதைக் கேட்க அவர் காதே வேண்டியதில்லை, பக்கத்தில் நிற்பவரே திரும்பிப் பார்ப்பார். வீட்டிலோ உப்புக் காற்று. திங்கட்கிழமை வாங்கிய ஸ்பேனர் வெள்ளிக்கிழமைக்குள் கிழவனாகிவிடும்.

இந்த நிலையில்தான் கம்பெனி ஒரு வீடு தருவதாகச் சொன்னது. நகரத்தில் எட்டு மாடிக் கட்டடம், வாரத்தில் மூன்று நாள் படுத்துக்கொள்ளும் லிஃப்ட், மேல் மாடியில் மெக்கானிக்குக்கென்று இரண்டு அறை. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். காதுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் வீட்டில் ஓர் ஆள் இருக்கிறாரே! அவர் மனைவி துறைமுகத்து ஐஸ் ஆலையில் பாளம் உடைக்கும் இயந்திரத்தை ஓட்டுகிறவர். பார்க்காமல் எதற்கும் தலையாட்டாதவர். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனார்கள். லிஃப்ட் பொத்தானை அழுத்தியதுதான் தாமதம், மேலேயிருந்து மெல்லிய 'கிர்ர்' ஒன்று வந்து காதில் விழுந்தது. லிஃப்ட்காரர்களுக்கென்று ஒரு மானம் உண்டு: கெட்ட சத்தம் கேட்டபின் அதைத் தாண்டிப் போகக் கூடாது. கை தானாகப் போய் மெயின் சுவிட்சை அணைத்தது. 'பழுது' பலகையும் கதவில் ஏறிவிட்டது. அப்புறம்தான், மனைவியை வீடு பார்க்க அழைத்து வந்தது அவருக்கு நினைவு வந்தது.

"நீ படியில போய்ப் பாத்துக்கிட்டிரு. பத்தே நிமிஷம்."

மெக்கானிக்கின் பத்து நிமிடம் எவ்வளவு நீளம் என்பது மெக்கானிக்கின் மனைவிக்குத் தெரியாதா? அந்த அம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படியேறினார்.

பத்து நிமிடம் இரண்டு மணி நேரமாயிற்று. அதற்குள், இவர் இங்கேயே குடிவரப் போகிறார் என்ற செய்தி கட்டடம் முழுக்கப் பரவியது. மூன்றாம் மாடித் தலைமையாசிரியர், ஓய்வு பெற்றும் அதிகாரம் ஓயாதவர், வந்து கையைக் குலுக்கினார். இனிமேல் போன் எதற்கு, கதவைத் தட்டினால் போதும் என்று சந்தோஷப்பட்டார். ஒருவர் மின்விசிறியைப் பற்றிப் பேசினார். இன்னொருவர் மிக்ஸியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். லிஃப்டின் 'கிர்ர்' ஒருவழியாக நின்றபோது காது இரண்டு விசிறிக்கும் ஒரு மிக்ஸிக்கும் வாக்குக் கொடுத்திருந்தார். வந்தபோது இருந்த உற்சாகமெல்லாம் வடிந்துவிட்டது.

எட்டாம் மாடியில் மனைவி வெறும் தரையில், பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறி வெடித்த கைகள் ஜன்னல் வெயிலில் கிடந்தன. காது பக்கத்தில் உட்கார்ந்ததும் கண் விழித்தார்.

"வேணாம்மா. இங்க வந்தா என்னைப் பிச்சுத் தின்னுடுவாங்க."

"எனக்கு வீடு பிடிச்சிருக்கு. ஈரமே இல்ல."

"உன் வேலை?"

"காலையில ஊரே இந்தப் பக்கம் வரும். நான் காலி ரயில்ல அந்தப் பக்கம் போவேன். உக்காந்துக்கிட்டு."

"இவங்ககிட்ட மாட்டிக்கிட்டா?"

"லிஃப்ட்ல வந்தாத்தானே மாட்டுவீங்க? படியில வாங்க. எட்டு மாடி ஏறினேன், ஒரு ஈ காக்கா கண்ணுல படல."

"முழங்கால்?"

"நாலு மணி நேரம் நிக்கிறதுக்கு இது தேவல."

"வந்து கதவைத் தட்டினா?"

"நான்ல திறப்பேன்? ஐஸ் உடைக்கிறவ பேச்சு எப்படின்னு அவங்களுக்கும் தெரியட்டும்."

குடிவந்தார்கள். ஒரு வாரம் எல்லாம் அம்மாள் சொன்னபடியே நடந்தது. இரண்டாம் வாரம், மூச்சு வாங்கப் படியேறிக்கொண்டிருந்த காதைத் தலைமையாசிரியர் பார்த்துவிட்டார். லிஃப்ட்காரரே லிஃப்டில் ஏறுவதில்லையா? மாலைக்குள் லிஃப்டைத் தாங்கும் கம்பியில் ஒரே ஒரு இழைதான் மிச்சமென்று பேச்சாகிவிட்டது. அதுவரை கட்டிலும் பீரோவுமாக லிஃப்டில் அடைத்துக்கொண்டு போனவர்கள் அன்றிலிருந்து ஒவ்வொருவராக, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். கால் நன்றாக இருந்தவர்கள் படியில் நடந்தார்கள். சுமை குறைந்ததும் லிஃப்டுக்கு வந்த வியாதியெல்லாம் போன இடம் தெரியவில்லை.

ஒரு மாதம் புகாரே இல்லாததைப் பார்த்துச் சூப்பர்வைசர் போன் செய்து, அப்படி என்னதான் செய்தீர்கள் என்று கேட்டார். காது திரும்பி மனைவியைப் பார்த்தார். அம்மாள் வாயே திறக்காதீர்கள் என்று தலையாட்டினார்.

"எண்ணெய் போட்டேன் சார்," என்றார் காது.