தாயின் பெயர் என்ற கட்டம்

எங்கள் வீட்டுப் பின்கதவுக்கு வெளியே ஒரு சின்ன இரும்பு வாணலி ஆணியில் தொங்கும். சமையலறைக்குள் அதற்கு இடமில்லை. கல்கத்தாவின் லேக் கார்டன்ஸ் பகுதியில் இட்லிக்கடை நடத்திய சைவக் குடும்பம் எங்களுடையது. முட்டைகூட வாசல் தாண்டாது. ஆனால் ஞாயிறுதோறும் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, வெளியே கரியடுப்பில் ஒரு துண்டு ரூயி மீனைப் பொரித்து எனக்கு மட்டும் தருவாள். பிறகு போய்க் குளிப்பாள். ஏன் என்று கேட்டால், "தட்டப் பாத்துத் தின்னுட்டி" என்பதோடு சரி.

நான் தத்து வந்தவள் என்பதை வீட்டில் யாரும் மறைக்கவில்லை. அதற்கு மேல் பேசவும் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். ஹவுராவில் அட்டைப்பெட்டி ஒட்டினேன், கரக்பூரில் ஆயா வேலை பார்த்தேன், விசாகப்பட்டினத்தில் ஒரு மழைக்காலம் முழுவதும் ரயில் நிலையத்தில் படுத்திருந்தேன். போன இடமெல்லாம் என்னை எந்த ஊர் என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்காமல் இனி ரயிலேறுவதில்லை என்று முடிவுசெய்து, இருபத்தாறு வயதில் கல்கத்தா திரும்பினேன். எழுபதுகளின் கடைசி அது.

என்னைத் தத்துக் கொடுத்த இல்லத்தில், பிறப்புப் பதிவைப் பார்க்க ஒரு விண்ணப்பத் தாள் தந்தார்கள். முதல் கட்டம்: பெற்ற தாயின் பெயர். அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்திருக்கிறேன் என்றேன். பெயர் இல்லாமல் பதிவேட்டைத் திறக்க முடியாது என்றார் தலைமை எழுத்தர். அவரைப் பொடோபாபு என்று எல்லோரும் அழைத்தார்கள். கட்டத்தைக் காலியாக விட்டு நீட்டினேன். சிவப்புப் பென்சிலால் சுழித்துத் திருப்பித் தந்தார். ஒவ்வொரு திங்களும் போனேன். "உன்னப் பாத்தாத்தான் வாரம் பொறந்ததே தெரியுது" என்று ஒருநாள் சிரித்தார். நானும் சிரித்தேன். அடுத்த திங்களும் போய் நின்றேன்.

அரிசி டின் மேல் இருந்த அந்தத் தாளை அம்மா எடுத்துப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். "என்னட்டி கேக்கான் இதுல?" சொன்னேன். மாவு கரைத்த கையைக் கழுவிவிட்டு வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தாள். "திங்கக்கெழம நானும் வாரேன்."

பொடோபாபுவின் மேஜையில் தாளை விரித்து, என் பேனாவை வாங்கிக் காலிக் கட்டத்தில் தமிழில் எழுதினாள் அம்மா.

"இதென்ன மாஷிமா, ஜிலேபி பிழிஞ்சு வச்சிருக்கீங்க?" என்றார் அவர்.

அம்மாவுக்குத் தெரிந்த வங்காள மொழி கடை நடத்தப் போதுமானது. அதில்தான் பதில் சொன்னாள்: "சேபாலி. இவளப் பெத்தவ பேரு."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார்.

"பிள்ளைய வாங்க வந்த அன்னைக்கு கேட்டுல நின்னா. ரெண்டு சொன்னா. பிள்ளைக்கு மீன் குடுக்கணும். வளந்து கேட்டா எம் பேரச் சொல்லணும்னா. மீன் குடுத்தேன்."

பொடோபாபு பென்சிலைக் கீழே வைத்தார். தாயின் சம்மதமும் தேவை என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"எந்தத் தாயி? ஒருத்தி இங்க நிக்கேனே. சம்மதம்."

அவரே எழுந்துபோய்ப் பதிவேட்டை எடுத்துவந்து என் பக்கம் திருப்பி வைத்தார். ஷெஃபாலி, வயது பத்தொன்பது, டாக்குரியா ரயில் பாதையோரம். எங்கள் வீட்டிலிருந்து அரைமணி நடை. மறுநாள் போனேன். அங்கே யாருக்கும் அவளைத் தெரியவில்லை. ஆனாலும் எந்த ஊர் என்று கேட்டால் சொல்ல எனக்கு ஒரு பதில் இருந்தது.

அம்மா இப்போது இல்லை. என்னைப் போல் தத்து வந்தவர்களோடு நான் இன்றும் அந்த அலுவலகத்துக்குப் போகிறேன். கூட வந்து பெயர் சொல்ல எல்லோருக்கும் ஒரு அம்மா அமைவதில்லை. வளர்ந்த ஒருவர் தன் பிறப்பைப் படிக்க யாருடைய சம்மதமும் தேவைப்படக் கூடாது. அந்தக் கட்டத்தையே எடுத்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுக்கிறேன், திரும்பி வருகிறது, மறுபடி கொடுக்கிறேன்.

வாணலி இப்போது என் சமையலறைக்குள் தொங்குகிறது. ஞாயிறுதோறும் அதில் மீன் பொரிக்கிறேன். திங்கட்கிழமை விண்ணப்பத்தோடு கிளம்புகிறேன்.