அடியில் எரியும் காடு

ரப்பர் தோட்டத்தில் வேலை போனபின் என் அண்ணன் மண் தோண்டும் இயந்திரம் ஓட்டினார். செகிஞ்சான் ஊரின் நெல்வயல்களுக்குக் கிழக்கே இருந்த சதுப்புக் காட்டில் வாய்க்கால் வெட்டும் வேலை. வெட்டிய மரங்களை அந்த வாய்க்கால்களில் மிதக்கவிட்டு வெளியே இழுத்து வருவார்கள்.

"காலையில நுழைஞ்சா சாயந்தரம் வரைக்கும் காடுதான்லா. முடிவே தெரியாது," என்பார். அது குறையும் என்று அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

அவர் ஓய்வுபெற்று, ராவாங்கில் என் வீட்டருகே குடிவந்த பிறகு ஒரு வறட்சியில் அந்தக் காடு எரிந்தது. புகை எங்கள் சன்னல் வரை வந்தது. மறு ஆண்டு என் தொழிற்சாலையில் அங்கே மரம் நட ஆள் சேர்த்தார்கள். அண்ணனும் வந்தார்.

வன இலாகாவின் மலாய்க்கார இளைஞர் ஒருவர் நீண்ட மூங்கிலைத் தரையில் ஊன்றினார். ஆள் உயரத்துக்கு மேல் சுலபமாக இறங்கியது. அது மண்ணே அல்ல, தண்ணீரில் ஊறி மட்காமல் கிடக்கும் இலையும் மரமும் என்றார். மழைநீரைப் பிடித்துவைத்து வயலுக்குக் கசியவிடுவது அதுதான். வாய்க்கால் வெட்டினால் நீர் வடிந்து, காய்ந்து, உள்ளுக்குள்ளேயே எரியும்.

ஒரு ஆள் ஆழம் சேர எவ்வளவு காலமாகும் என்று அண்ணன் மலாயில் கேட்டார். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் என்றார் இளைஞர்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "அத நான் காலப் பசியாறலுக்குள்ள வெட்டிருவேன்ம்மா."

அதன்பின் ஞாயிறுதோறும் மோட்டார் சைக்கிளில் போய், நாங்கள் நட்ட கன்றுகளைச் சுற்றிப் புல் பிடுங்கினார். அவை அவர் தோளுயரம் வளர்ந்தபோது மறுபடியும் வறட்சி வந்தது. இருவரும் போய்ப் பார்த்தோம். தீ தெரியவில்லை, தரையிலிருந்து புகைதான் வந்தது. தீயணைப்பாளர்கள் ஓரிடத்தில் நீர் பாய்ச்சினால் வேறிடத்தில் புகைந்தது. கன்றுகளிடம் ஓடிய அண்ணனின் கால் கணுக்கால்வரை புதைந்து வெந்தது. நான்தான் இழுத்து வந்தேன்.

மழை வந்து அணைந்தபோது கன்றுகள் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. வேர் கருகியிருந்தது. சிலவற்றில் இலை இன்னும் பச்சை.

மீண்டும் நட அழைத்தார்கள். கால் புண் ஆறியும் அண்ணன் மறுத்தார்.

"மரத்த நடலாம்மா. அந்த மண்ண யாரு நடுறது?"

நான் மட்டும் போனேன். தொழிற்சாலைப் பேருந்தில் பாதி காலி. தரை முன்னைவிடத் தாழ்ந்து கிடந்தது. பிழைக்கும் என்ற நம்பிக்கை இல்லாமலேயே கொடுத்த கன்றுகளை நட்டுவிட்டு வந்தேன்.