சிவப்புப் பொத்தானில் ஒரு பொட்டு

ஜெனரேற்றர் ஓடிக்கொண்டிருக்கும்போது எனக்கு விழித்தபடியே கனவு வரும். நெடுந்தீவில் ஐஸ்கட்டி செய்யும் தொழிற்சாலையொன்றின் பின்கொட்டகையில், அந்த ஜெனரேற்றரை இயக்குகிறவளாகத்தான் என் பகல்கள் கழிகின்றன. கூரைத் தகரத்தின் ஓட்டைகளால் விழும் வெயில் அந்த இரைச்சலில் மெல்ல நடுங்கும். சற்று நேரத்தில் இரைச்சல் இருப்பதே மறந்துபோகும், தரை மிதக்கத் தொடங்கும். கதிரையில் இருக்கிறேனா, குறிகட்டுவான் துறையிலிருந்து வரும் படகின் அடித்தட்டில் இருக்கிறேனா என்று சில வேளை எனக்கே பிடிபடாது.

ஆனாலும் கண் மட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டியை விட்டு விலகாது. அதன் சின்னத் திரையில் எண்ணெய் அழுத்தம், தண்ணீரின் சூடு, எஞ்சின் சுற்றும் வேகம், மின்னழுத்தம் எல்லாம் மாறி மாறி வந்து போகும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு. எல்லையை நெருங்கினால் மஞ்சள் விளக்கு எரியும். தாண்டினால் சிவப்பு. உடனே யாரையும் கேளாமல் மெசின் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். புதிதில் எனக்கு அது பெரிய எரிச்சல். ஐஸ் பாதி உறைந்த நேரம் பார்த்தா நிற்பாய் என்று வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். எண்ணெய் போதாமல் இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் எஞ்சின் ஒரேயடியாகப் பாழாகியிருக்கும் என்பது பிறகுதான் விளங்கியது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. நின்றால், ஏன் நின்றேன் என்று அது சொல்லும். காரணம் திரையில் எழுத்தாக நிற்கும். நாம் அதை வாசித்து, குறையைத் தீர்த்து, ரீசெற் பொத்தானை அமர்த்தும்வரை மறுபடி ஓடாது.

மனிதருக்கு நேர்வதைச் சொல்ல அப்படி ஒரு திரை இல்லை. என் கணவரின் அப்பா, என் மாமா, மாரடைப்பில் இறந்தபோது, அதற்கான காரணத்தை அவருடைய தங்கை செத்தவீட்டிலேயே கண்டுபிடித்துச் சொன்னாராம். கணவரின் அம்மாவான என் மாமியின் கை ராசியில்லாத கையாம். அன்றிலிருந்து நல்ல காரியங்களில் மாமி குசினியை விட்டு வெளியே வந்ததில்லை. அயலில் யாராவது படகுக்குப் புறப்பட்டால், தன் முகத்தில் விழித்து அவர்களின் முழுவியளம், போகிற காரியத்தின் சகுனம், கெட்டுவிடக்கூடாது என்று வாசல் படலைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வார். யாரும் சொல்வதில்லை, அவரே ஒதுங்குவார். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆயுத பூசை வந்தது. சோளகக் காற்று ஓய்ந்து வாடைக் காற்று இன்னும் தொடங்காத நாட்கள். கடல் எண்ணெய் பூசியதுபோல் அசையாமல் கிடந்தது. அந்தமுறை மாமியைப் பிடிவாதமாகக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தொட்டியில் ஐஸ் உறைந்துகொண்டிருந்ததால் மெசின் ஓட ஓடத்தான் பூசை. ரேடியேற்றருக்கு மாலை போட்டால் காற்று அடைபட்டுச் சூடேறி நின்றுவிடும் என்று நான் கத்திய பிறகு, செவ்வந்தி மாலை கதவில் தொங்கியது. கற்பூரம் காட்டி முடிந்ததும் மாமாவின் தங்கை குங்குமத் தட்டை எடுத்தார். எந்தப் பூசைக்கும் முதல் ஆள் அவர்தான். நான் தட்டை வாங்கி மாமியின் கையில் கொடுத்தேன். என் மெசினுக்கு என் மாமிதான் பொட்டு வைப்பார் என்றேன். மாமி மாட்டேன் என்று தலையாட்டினார். நான் விடவில்லை.

அவர் மெசினைச் சுற்றிப் பார்த்தார். கட்டுப்பாட்டுப் பெட்டியின் முகப்பில் பெரிதாக, வட்டமாக, சிவப்பாக ஒரு பொத்தான். பொட்டு வைக்க அதைவிட லட்சணமான நெற்றி வேறு எங்கே இருக்கிறது? மாமி எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. சந்தனத்தைத் தொட்டு, குங்குமத்தைத் தொட்டு, பெருவிரலால் நன்றாக அழுத்தி வைத்தார்.

அது அவசர நிறுத்தப் பொத்தான். மெசின் நின்றது.

இரைச்சல் போனதும் கடல் கேட்டது. ஐஸ் தூக்குகிற ஆட்கள் நித்திரையால் எழும்பியவர்கள்போல முழித்துக்கொண்டு நின்றார்கள். மாமியின் விரல் அப்படியே அந்தரத்தில் நின்றது.

"நான் அப்பவே நினைச்சனான்," என்றார் மாமாவின் தங்கை. "இந்தக் கை பட்டா ஓடுறதும் நிண்டிடும் எண்டு."

மாமி தட்டைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார். இப்போது போனால் இனி ஒருநாளும் குசினியை விட்டு வரமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. கையைப் பிடித்து இழுத்து வந்து திரைக்கு முன்னால் நிறுத்தினேன். ஆங்கில எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டுத் தமிழில் சொன்னேன். எண்ணெய் குறையவில்லை, சூடு ஏறவில்லை, எந்தக் குறையும் இல்லை. நிறுத்துகிற பொத்தான் அமர்த்தப்பட்டது, அதனால் நின்றேன். இதில் எழுதியிருப்பது அவ்வளவுதான் என்றேன்.

மாமி குனிந்து அந்த எழுத்துகளுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனார்.

"ஆர் அமத்தினாலும் நிக்குமோ, பிள்ளை?"

"ஓம் மாமி. ஆர் அமத்தினாலும்."

பொத்தானை வலப்பக்கம் திருகச் சொன்னேன். அது துள்ளி வெளியே வந்தது. பிறகு ரீசெற், பிறகு பச்சைப் பொத்தான், எல்லாம் மாமியின் கையாலேயே. எஞ்சின் ஒருமுறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. வெயில் மறுபடி நடுங்கத் தொடங்கியது. எனக்கு அழுகை வந்தது, நான் அதை மறைக்கவில்லை.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் மாமி தட்டை எடுத்து மாமாவின் தங்கையிடம் நீட்டினார். தாலிக்கொடியும் நெற்றி நிறைந்த பொட்டுமாக நிற்கிறவர் அவர். அவருடைய கைராசியில் ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை.

"மச்சாள், நீரும் ஒருக்கா வையும்," என்றார் மாமி, சிவப்புப் பொத்தானைக் காட்டி.

எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றதில் அவருக்கு மறுக்க வழியில்லாமல் போயிற்று. சூடான எஞ்சினை இப்படி அடிக்கடி நிறுத்துவது அதற்கு நல்லதல்ல. ஆனாலும் நான் தடுக்கவில்லை. அவர் பட்டும் படாமலும் விரலை வைத்தார்.

"வடிவா அமத்தி வையும்," என்றார் மாமி.

மெசின் நின்றது. மாமி யாரையும் பார்க்கவில்லை. நேரே திரைக்கு முன்னால் போய், தனக்கு வாசிக்கத் தெரியாத அந்த எழுத்துகளை முதலிலிருந்து கடைசிவரை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அதேதான் எழுதிக் கிடக்கு, பிள்ளை," என்றார்.