சவரிமுத்துவின் சக்கரமில்லாத விமானம்

பொம்மிடி பள்ளியில் கிளார்க்காக இருந்த சவரிமுத்து இறந்துவிட்டார் என்ற செய்தி, அடக்கம் முடிந்து மூன்றாம் நாள்தான் எனக்கு வந்தது. காரிமங்கலம் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நம் பள்ளிப் பியூன் வந்து சொன்னார். "உங்களுக்குச் சொல்ல வேணாம்னுட்டாங்க சார், அவுங்க வூட்டுல" என்றார். நியாயந்தான்.

ஆசிரிய நண்பர்களே, நம் பள்ளி இரங்கல் கூட்டத்தில் அவரைத் தங்கமான மனிதர் என்று பேசினீர்கள். அவர் இங்கே இருந்தபோது 'ஓடிப்போனவன் மகன்' என்று முதுகுக்குப் பின்னால் சொன்னதும் நீங்கள்தான். எனக்கும் அதில் பங்குண்டு. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அவர் நம் பள்ளியில் வேலை பார்த்தபோது, சொந்த நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெளிநாட்டுப் பாதிரியார் அவருக்கு ஓர் அட்டைப் புத்தகம் கொடுத்துவிட்டுப் போனார். வெட்டி, மடித்து, ஒட்டினால் பழைய போர் விமானம் ஒன்று வரும். தண்ணீரில் இறங்கும் விமானம். சக்கரத்துக்குப் பதில் அடியில் படகு போல இரண்டு மிதவைகள். யுத்த காலத்தில் சவரிமுத்துவின் அப்பா மதராஸ் பக்கம் ஓர் ஏரியில், இப்படிப்பட்ட விமானங்களைக் கயிறு கட்டிக் கரைக்கு இழுக்கும் வேலைக்குப் போனவர். திரும்பவேயில்லை. ஏரியில் மூழ்கிவிட்டார் என்று அம்மா சொன்னார். எவளோடோ ஓடிவிட்டான் என்றது ஊர். ஏரியில் விமானம் இறங்குமா என்று சிரித்தது.

மூன்று மாதம், மதியச் சாப்பாடு முடிந்ததும் பிளேடும் மைதாப் பசையுமாக உட்கார்ந்துவிடுவார். பொடித் துண்டுகளை முள்வாங்கியால் பிடித்து ஒட்டுவார். "அவசரப்பட்டா அட்ட கோவிச்சுக்குமுங்க சார்" என்பார். பள்ளிக் கண்காட்சியில் அதை வைத்து, அம்மாவை அழைத்து வந்து, ஊருக்கு முன்னால் காட்ட வேண்டும். அவர் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

கண்காட்சி அன்று காலை, அம்மாவை அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தார். தலைமையாசிரியர் அறிவியல் வாத்தியாரான என்னைக் கூப்பிட்டார். "யோவ் சயின்ஸு! நம்மூர்ல குடிக்கவே தண்ணியக் காணோம், இந்தாளு தண்ணியில ப்ளேன் எறக்குறாரு. வர்ற அதிகாரி சிரிக்கப் போறாரு. சக்கரத்த ஒட்டும்யா."

புத்தகத்தின் மேலட்டையில் விமானம் தண்ணீர்மேல் நிற்கும் படமே இருந்தது. பக்கத்தில் ஏதோ புரியாத மொழி. தண்ணீரில் விழுந்துவிட்ட விமானம் போலிருக்கிறது என்று முடிவு செய்தேன். பி.எஸ்ஸி. படித்த மடையன்! கறுப்பு அட்டையில் வட்டங்கள் வெட்டி மிதவைகளில் ஒட்டினேன்.

அதிகாரி பாராட்டிவிட்டுப் போன பிறகுதான் சவரிமுத்து அம்மாவோடு வந்து சேர்ந்தார். கூட்டத்தில் ஒருவன் அந்த அம்மாளைப் பார்த்துக் கேட்டான்: "சக்கரம் வச்ச ப்ளேனு தானா உருண்டு வருமே ஆத்தா, கயிறு போட்டு இழுக்க உங்க வூட்டுக்காரரு எதுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். சவரிமுத்து என்னிடம் சத்தம் போடவில்லை. "ஒரு வார்த்த என்னயக் கேட்டிருக்கலாமுங்களே சார்" என்றார். அப்புறம் மாற்றல் வாங்கிக்கொண்டு பொம்மிடிக்குப் போய்விட்டார். கடைசிவரை என்னோடு பேசவில்லை.

தலைமையாசிரியருக்குப் பயந்து செய்தேன் என்றுதான் இத்தனை நாளும் சொல்லி வந்தேன். சுத்தப் பொய். தினமும் அவரோடு உட்கார்ந்து சோறு தின்றுகொண்டே, அவருடைய அப்பா ஓடிப்போனவர்தான் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் ஒட்டிய சக்கரத்தைப் பார்த்ததும் அவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். அந்த வெட்கம்தான் அவர் நினைவாக என்னிடம் இருப்பது.